விழாத பாறைகள்

நார்வேயில் நான் தினமும் பஸ்ஸில் போகும் சாலையோரம் ஒரு பலகை: 'பாறை விழும் பகுதி, நிற்காதீர்கள்.' அண்ணாந்து பார்த்தால் வழவழவென்று மலைச்சுவர், உருள ஒரு கல் கிடையாது. எனக்குச் சிரிப்பாக வந்தது. எங்கள் செஞ்சியில் யானை யானையாகப் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று தொற்றிக்கொண்டு நிற்கும். அதற்கு அடியில்தான் மல்லாட்டைக் கடலை காயும், ஆடு தூங்கும், நாங்கள் கிரிக்கெட் ஆடுவோம். அந்த பஸ்ஸில்தான் எனக்குப் பொறி தட்டியது. பாறைச் சரிவை முன்கூட்டியே சொல்லக் கணினிக்குப் படம் காட்டிப் பழக்குவதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. ஆய்வகத்துக்குப் போனதும் எங்கள் ராஜகிரிப் படத்தை அதனிடம் கொடுத்தேன். மலை முழுக்கச் சிவப்புப் பூசிவிட்டது. எல்லாம் விழுமாம்! விழுந்த கல்லையே பார்த்து வளர்ந்த பிள்ளை. விழாமல் நிற்கிற கல்லை அதற்கு யாரும் காட்டவில்லை.

நான் காட்டுகிறேன் என்று, பட்டத்துக்குப் பிறகு செய்யும் போஸ்ட்டாக் ஆய்வு வேலை கேட்டுப் பல பல்கலைக்கழகங்களுக்கு எழுதினேன். கோடை முடிவதற்குள் கிடைக்காவிட்டால் விசா முடிந்துவிடும். நானும் என் யோசனையும் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஒரே ஒரு பேராசிரியை கூப்பிட்டுப் பேசினார். எல்லாம் கேட்டுவிட்டு, "யோசித்துச் சொல்லி அனுப்புகிறேன். அதற்குள் திட்டத்தை விரிவாக எழுதி அனுப்புங்கள்" என்றார்.

ஊரில் இருக்கும் அப்பாவுக்கு ஃபோன் போட்டேன். "இன்னாடா சொன்னாங்க?" என்றார் நைனா.

"சொல்லி அனுப்புறாங்களாம் நைனா."

"அப்ப வேற எடம் பாரு."

எங்கள் வீட்டில் 'சொல்லி அனுப்புறோம்' என்ற வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான். அக்காவைப் பெண் பார்க்க அவலூர்பேட்டையிலிருந்து வந்தவர்கள், கேசரியை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "ஊருக்குப் போய் சொல்லி அனுப்புறோம்" என்று வேன் ஏறினார்கள். அக்கா பல நாள் ஃபோனை விட்டு நகரவில்லை; அது அடிக்கவே இல்லை. ஆகவே, 'திட்டத்தை எழுதி அனுப்புங்கள்' என்பதையும் 'கேசரி நல்லா இருந்துச்சு' கணக்கில் சேர்த்துவிட்டு, வேறு இடம் தேடினேன். எங்கும் கதவு திறக்கவில்லை.

போன வாரம் பேராசிரியையிடமிருந்து மின்னஞ்சல்: 'உங்கள் திட்டத்துக்குத்தான் காத்திருக்கிறேன். எங்களிடம் சேர விருப்பம் இல்லையா?' இவர்கள் ஊரில் சொல்லி அனுப்புகிறேன் என்றால், சொல்லி அனுப்புவார்களாம்! திங்கட்கிழமை வரை அவகாசம் வாங்கினேன். அக்காவிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரிக்கிறாள்.

"டேய், மாப்ள வூட்டுக்காரங்களே வந்து கெஞ்சுறாங்க, நீ முறுக்கிக்கினு இருக்கியா? மொதல்ல எழுதுடா."

"போட்டோ வேணும்க்கா. நம்ம பாறை."

சொன்ன கையோடு மலையேறி எடுத்து அனுப்பிவிட்டாள். ஒரு படத்தில், சாய்ந்து நிற்கும் பாறைக்கு நேர் கீழே எங்கள் மொட்டைமாடி. கொடியில் என் காலேஜ் சட்டை காய்கிறது. நைனா போட்டுக்கொள்கிறார் போல. கணினியிடம் கொடுத்தேன். பாறை, மாடி, சட்டை எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சிவப்பு. திட்டத்தின் முதல் வரியை இப்போதுதான் தட்டினேன்: 'இந்தப் பாறை ஏன் விழவில்லை?' அங்கே எங்கள் வீடு பத்திரமாக இருக்கிறது என்று நிரூபிக்க, நான் இங்கே இருந்தாக வேண்டும்.