சோளகக் காற்றுக்கு எதிரே எட்டு கிலோமீட்டர், ஐம்பது பாகம்

படங்கள் எங்கே என்றுதான் முதலில் கேட்பீர்கள். வழக்கமாக என் பயணப் பதிவுகளில் எழுத்தைவிடப் படம்தான் அதிகம் இருக்கும். இந்த முறை ஒன்றுகூட இல்லை. எல்லாப் படமும் என் கணவர் சேகரின் கைப்பேசியில் இருந்தன. அந்தக் கைப்பேசிக்கு என்ன ஆனது என்பதைப் போகிற போக்கில் சொல்கிறேன். கொஞ்சம் பொறுமையாக வாருங்கள்.

எனக்கு நாற்பத்தெட்டு வயது. திருச்சியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. சின்ன வயதிலிருந்து நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, ராமேஸ்வரம் என்று குடும்பத்தோடு எத்தனையோ கடற்கரைக்குப் போயிருக்கிறேன். எல்லா இடத்திலும் எனக்கு ஒரே வேலைதான். "சுமதி, நீ இங்கயே உக்காந்து செருப்பப் பாத்துக்கம்மா" என்று சொல்லிவிட்டு மொத்தக் கூட்டமும் தண்ணீருக்குள் ஓடிவிடும். பதினாலு ஜோடிச் செருப்புக்கும் நாலு பைக்கும் நடுவில் நான் உட்கார்ந்திருப்பேன். கல்யாணத்துக்கு முன்பும் அப்படித்தான், பின்பும் அப்படித்தான். என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. எனக்குப் பயம், அவர்களுக்கு வசதி.

இரண்டு வருடத்துக்கு முன்னால் திடீரென்று ரோஷம் வந்து, காலை ஆறு மணிக்குப் பெண்களுக்கான நீச்சல் வகுப்பில் சேர்ந்தேன். எட்டு மாதத்தில் நன்றாகவே நீந்தக் கற்றுக்கொண்டேன். ஆனால் குளத்தில் இருபத்தைந்து மீட்டருக்கு ஒரு சுவர் வந்துவிடும். தொட்டு, மூச்சு வாங்கித் திரும்பலாம். கடலில் சுவர் கிடையாது. அதனால் எனக்கு நானே ஒரு வேண்டுதல் வைத்துக்கொண்டேன்: ஒரே ஒரு முறை கடலில் இறங்கி, எதையும் யாரையும் பிடிக்காமல் நீந்திப் போய்த் திரும்பி வர வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் கடலோரமாகச் சைக்கிள் ஓட்டி, நடுவில் நீந்தவும் விடுகிற வழிகாட்டிப் பயணம் ஒன்று இருப்பதாக இணையத்தில் பார்த்தேன். பேசிப் பதிவு செய்தது அந்த வழிகாட்டியிடமேதான். சுகந்தன், முப்பத்தைந்து வயது இருக்கும், பருத்தித்துறையில் தலைமுறையாகக் கடல்தொழில் செய்கிற குடும்பம். "ஆகஸ்ட் மாசம் வாங்கோ அக்கா, எங்கடை பக்கத்துக் கடல் அப்பதான் குளம் மாதிரிக் கிடக்கும்" என்றார். குளம் என்ற சொல்லைக் கேட்டதும் நான் சரி என்றுவிட்டேன்.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல், சுமார் நாலு மணி நேரம். கப்பல் ஓடும் நாட்கள் மாறிக்கொண்டே இருக்கும், பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். வழியெல்லாம் நான் கண்ணாடி ஜன்னல் வழியாக அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தேன். "இதுலயா இறங்கப் போற?" என்று சேகர் இரண்டு முறை கேட்டார். அவருக்கு நீச்சல் சுத்தமாகத் தெரியாது. காங்கேசன்துறையிலிருந்து யாழ்ப்பாணம் பஸ்ஸில் முக்கால் மணி நேரம், அங்கிருந்து பருத்தித்துறைக்கு முப்பத்து மூன்று கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். இரவு பருத்தித்துறையிலேயே தங்கிவிடுங்கள். காலையில் யாழ்ப்பாணத்திலிருந்து கிளம்பினால் நேரத்துக்கு வந்து சேர முடியாது.

மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்கு வெளிச்சவீட்டுப் பக்கம் போய் நின்றோம். கலங்கரை விளக்கத்துக்கு அங்கே அதுதான் பெயர். சுகந்தன் மூன்று சைக்கிளோடு காத்திருந்தார். மூன்றிலும் கியர் கிடையாது. ஆளுக்கு இலங்கைப் பணத்தில் 7,500 ரூபாய், அதில் சைக்கிள், தண்ணீர், காலைச் சாப்பாடு எல்லாம் அடக்கம். கையில் ஒரு பொட்டலம் பருத்தித்துறை வடையும் கொடுத்தார். வடை என்றால் நம்மூர் மெதுவடை இல்லை, தட்டை மாதிரி மெல்லிசாக, மொறுமொறுவென்று உறைப்பாக இருக்கும். நான் பாதியைக் கிளம்பும் முன்பே முடித்துவிட்டேன்.

திட்டம் இதுதான். கடலோரச் சாலையில் மேற்கே எட்டு கிலோமீட்டர், வல்வெட்டித்துறைக்குச் சற்று முன்னால் நீச்சல், பிறகு தொண்டைமானாறு வரை நாலு கிலோமீட்டர், அதே வழியில் திரும்புதல். நீச்சல் இடத்துக்கு ஏழே காலுக்குப் போய்விடலாம் என்றார் சுகந்தன். "எட்டரைக்குள்ளை தண்ணியிலை இறங்கோணும். அதுக்குப் பிறகு காத்து இன்னும் எழும்பீடும், நான் விடமாட்டன்" என்றும் சொன்னார்.

ஆறு மணிக்கு மிதிக்கத் தொடங்கினோம். ஒரு கிலோமீட்டர்கூடப் போகவில்லை, காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது. தென்மேற்கிலிருந்து அடிக்கும் இந்தக் காற்றுக்கு அங்கே சோளகம் என்று பெயர். பனை ஓலைகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து சடசடத்துக்கொண்டிருந்தன. வலது பக்கம் கடலைப் பார்த்தால் அவர் சொன்னபடியே அசையாமல் கிடக்கிறது. சாலையில் நாங்கள் மூன்று பேரும் நின்ற இடத்திலேயே மிதித்துக்கொண்டிருக்கிறோம். தினமும் சைக்கிளில் அலுவலகம் போகிற பெருமை பேசும் சேகர், மூன்றாவது கிலோமீட்டரில் இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தார். அதைப் பார்க்க எனக்கு ஆனந்தமாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

சக்கோட்டை முனையில் நின்றோம். இலங்கையின் வடக்கு நுனி அதுதான் என்கிறார்கள். இங்கே எடுத்த படங்கள் அருமையாக வந்திருந்தன, நீங்கள் நம்பித்தான் ஆக வேண்டும். பக்கத்தில் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்த ஒருவர் எங்கள் வியர்வையைப் பார்த்துவிட்டுத் தலையை நிமிர்த்தினார்.

"உதென்ன சுகந்தன், சோளகத்துக்கை மேற்கை பாத்து உழக்கிறியள்? அங்காலை இருந்து தொடங்கி இஞ்சாலை வந்திருக்கலாமே?"

சுகந்தன் முகத்தில் ஒரு பெரிய யோசனை ஓடியது. "கடலுக்குத்தான் அண்ணை நாள் பாத்தனான்" என்றார் மெதுவாக. "றோட்டிலையும் அதே காத்துத்தான் அடிக்குமெண்டு யோசிக்கேல்லை."

வலைக்காரர் சிரித்த சிரிப்பில் ஊசி கையிலிருந்து விழுந்தது. விஷயம் இதுதான்: தரையிலிருந்து அடிக்கிற காற்று என்பதால் சோளகத்தில் வடக்குக் கடல் அமைதியாக இருக்கும். அது கடற்காரருக்குத் தெரிந்த கணக்கு. சுகந்தன் இதற்கு முன் கூட்டிப்போன பயணங்கள் எல்லாம் காற்றில்லாத பங்குனி, சித்திரையில். சோளகத்தில் இதுதான் முதல் தடவை. இயந்திரப் படகில் வளர்ந்தவருக்குச் சைக்கிளுக்கு இயந்திரம் இல்லை என்பது அந்த இடத்தில்தான் உறைத்திருக்கிறது. மணி அப்போதே ஏழு பத்து. இன்னும் நாலு கிலோமீட்டருக்கு மேல் பாக்கி.

எட்டரை தாண்டினால் நீச்சல் கிடையாது. கடல் தாண்டி வந்து மறுபடியும் கரையில் உட்கார்ந்திருக்கப் போகிறேனா? அழுகை வரும்போல இருந்தது, ஆனால் வெட்கத்தில் கோபமாக மாற்றிக்கொண்டேன். "தம்பி, என்ன பண்ணுவீங்களோ தெரியாது, நான் இன்னைக்கு இறங்கியே ஆகணும்" என்றேன்.

"ஓம் அக்கா, இறங்குவியள்" என்றார். "தூரத்தைப் பாக்காதைங்கோ. குனிஞ்சு முன்சில்லைப் பாருங்கோ. சின்னச் சின்னதா மிதியுங்கோ, ஆனால் நிப்பாட்டாதைங்கோ."

சில்லு என்றால் சக்கரம். நான் குனிந்து சில்லைப் பார்த்தேன். அப்புறம் ஊர், கோயில், கடல் எதுவும் என் கண்ணில் படவில்லை. நிமிர்ந்தபோது சுகந்தனின் அக்கா கலா சாப்பாட்டுக் கூடையோடு ஒரு பூவரச மர நிழலில் நின்றுகொண்டிருந்தார். மணி எட்டு இருபது.

சுகந்தன் தண்ணீரைப் பார்த்தார், ஓலைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இப்பவே எண்டால் சரி. அந்த நீல வள்ளம் மட்டும். அங்காலை ஒரு முழமும் இல்லை." நங்கூரமிட்டு நின்ற அந்தப் படகு ஐம்பது பாகம் தூரம் என்றார். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். மனதுக்குள் கணக்குப் போட்டேன், தொண்ணூறு மீட்டர் வரும். போய்வர ஏழு தடவை குளத்தின் நீளம். இடையில் சுவர் கிடையாது.

கண்ணாடியைச் சேகரிடம் கொடுத்தேன். அது இல்லாமல் எனக்குப் பத்தடிக்கு மேல் எல்லாமே கலங்கல்தான். "செருப்பப் பாத்துக்கங்க" என்றேன். இருபத்து மூன்று வருடக் கல்யாண வாழ்க்கையில் அந்த வாக்கியத்தைச் சொல்ல எனக்குக் கிடைத்த முதல் வாய்ப்பு. சுகந்தன் வலையில் கட்டும் பெரிய மிதப்பு ஒன்றைக் கயிற்றோடு இடுப்பில் கட்டிக்கொண்டு கூடவே வந்தார். "ஏலாட்டில் இதைப் பிடியுங்கோ, ஒரு வெக்கமும் இல்லை." நான் பிடிக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. மனதில் வைத்துக்கொண்டேன்.

போகும்போது நான் ஒரு நீச்சல் ராணி. தண்ணீர் இளஞ்சூடாக, அடியில் கல்லும் பாசியும் தெரியும் அளவுக்குத் தெளிவாக இருந்தது. நான் வேகமாகப் போவதைப் பார்த்து எனக்கே என்மேல் மரியாதை வந்தது. படகுக்குக் கை நீட்டும் தூரம் வரை போய், தொடாமல் திரும்பினேன். அப்போதுதான் தெரிந்தது, ராணியை அதுவரை தள்ளிக்கொண்டு வந்தது யார் என்று. அதே சோளகம். இப்போது முகத்தில் அடித்தது. சிற்றலைகள் ஒவ்வொரு மூச்சுக்கும் வாய்க்குள் ஒரு கரண்டி உப்புத் தண்ணீர் ஊற்றின. மல்லாந்து ஓய்வெடுத்தேன், பத்து எண்ணுவதற்குள் படகு மறுபடி பக்கத்தில் வந்துவிட்டது. கரை ஒரு மஞ்சள் கோடு. அது கிட்ட வருவதாகவே தெரியவில்லை. கை கனத்தது. மிதப்பு என் தோளுக்கு இரண்டடியில் மிதந்துகொண்டிருந்தது. பயந்தேன். உண்மையாகவே பயந்தேன்.

"அக்கா" என்றார் சுகந்தன், மூச்சே வாங்காமல். "காலமை என்ன செய்தனீங்கள்? அதைத்தான் செய்யுங்கோ."

முன்சில்லு! தலையைத் தாழ்த்தி என் கையை மட்டும் பார்த்தேன். சின்னச் சின்ன வீச்சு, நிறுத்தாமல். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணத் தொடங்கினேன். நூறு தாண்டியது. நூற்று நாற்பது. எண்ணிக்கை குழம்பி மறுபடி நூறிலிருந்து தொடங்கினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. என் முழங்கை எதிலோ இடித்தது. மணல். அதற்குப் பிறகும் நாலு வீச்சு போட்டேன்.

"அக்கா, இனி எழும்பலாம்."

நிமிர்ந்தேன். சுகந்தன் பக்கத்தில் நின்றார். தண்ணீர் அவர் முழங்காலுக்குக் கீழே இருந்தது.

"தம்பி, நீங்க எப்பலேர்ந்து நடந்து வர்றீங்க?"

"கொஞ்ச நேரமா."

"சொல்லக் கூடாதா?"

"நீங்கள் வடிவா நீந்திக்கொண்டு வந்தனீங்கள். ஏன் குழப்புவான் எண்டு விட்டிட்டன்."

சிரித்தபடியே நான் தண்ணீரில் உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் இன்னொரு உருவம் என் பக்கத்தில், நெஞ்சுவரை நனைந்து நிற்பது தெரிந்தது. சேகர். சட்டை, பேன்ட், என் கண்ணாடி, எல்லாவற்றோடும். நான் மல்லாந்ததைப் பார்த்து ஏதோ ஆகிவிட்டது என்று நீச்சல் தெரியாத மனிதர் கடலுக்குள் ஓடி வந்திருக்கிறார். பேன்ட் பையில் கைப்பேசி. "வந்து என்ன பண்ணியிருப்பீங்க?" என்று கேட்டேன். "தெரியல" என்றார். கலா அக்கா கரையிலிருந்து சத்தம் போட்டார்: "ரெண்டு பேரும் காணும், வாங்கோ, புட்டு ஆறுது!" காணும் என்றால் அங்கே போதும் என்று அர்த்தம்.

புட்டும் பாரை மீன் குழம்பும் சம்பலும். அதைப் பற்றி எழுதினால் இன்னொரு பதிவு ஆகிவிடும். நான் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். பிறகு தொண்டைமானாறுவரை போய், சந்நிதி கோயிலில் கும்பிட்டு, திரும்பினோம். திரும்பும்போது சோளகம் எங்களுக்குப் பின்னால். பன்னிரண்டு கிலோமீட்டர், நாற்பது நிமிடம். சேகர் இரண்டு கையையும் விட்டு ஓட்டிக் காட்டினார். ஈரத் துணி காய்ந்ததே அந்தக் காற்றில்தான்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். கடலடியில் கல் அதிகம், ரப்பர் செருப்பு வேண்டாம், காலைக் கவ்விப் பிடிக்கும் காலணி கொண்டுபோங்கள். பெண்கள் முழுக்கை ஆடையில் இறங்கினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அமைதியாகத் தெரிகிற கடலில் தனியாக இறங்காதீர்கள், சோளகம் ஆளை வெளியே கொண்டுபோகும் என்பதை நான் சொல்லித் தெரிந்துகொள்வது நல்லது. மார்கழி, தை மாதங்களில் அந்தப் பக்கம் கடல் கொந்தளிக்கும், நீச்சலை மறந்துவிடுங்கள். கைப்பேசிக்கு ஒரு பிளாஸ்டிக் பை. நீச்சல் தெரியாத கணவருக்கும் ஏதாவது வழி யோசியுங்கள்.

சுகந்தன் விடைபெறும்போது, இனிமேல் தொண்டைமானாற்றிலிருந்து தொடங்கிக் காற்றோடு வருகிற மாதிரி வழியை மாற்றப் போவதாகச் சொன்னார். வேண்டாம் தம்பி, மாத்தாதீங்க என்றேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன். எந்தப் பக்கம் என்று கேட்டால், காற்றுக்கு எதிரே என்று சொல்லுங்கள்.

இன்னொன்று. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் எனக்குச் செருப்பு ஞாபகம் வந்தது. பார்த்துக்கொள்ளச் சொன்ன ஆள் கடலுக்குள் வந்துவிட்டார், கலா அக்கா சாப்பாட்டைக் கவனித்துக்கொண்டிருந்தார், கரையில் வேறு யாரும் இல்லை. பதறி எழுந்துபோய்ப் பார்த்தேன். எல்லாச் செருப்பும் விட்ட இடத்திலேயே இருந்தன.