கம்பி தெரியாத படங்கள்

மாமாவுக்கு மறதி நோய் என்று மருத்துவர் சொன்ன வாரமே, சைதாப்பேட்டையில் நாங்கள் குடியிருக்கும் மாடி வீட்டின் கிரில் கதவுக்கு என் கணவர் பூட்டு வாங்கி மாட்டினார். மாமா, அதாவது என் மாமனார், முப்பது வருஷம் மாநகரப் பேருந்து ஓட்டியவர். ஓய்வு பெற்றதை மறந்துபோனாரே தவிர, டூட்டியை மறக்கவில்லை. நாளுக்குப் பத்து முறையாவது சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து, "டைம் ஆய்ட்ச்சும்மா, கதவத் தொற" என்பார். கொஞ்சம் போகட்டும் மாமா என்பேன். கம்பியைப் பிடித்தபடி நிற்பார். அவரைப் பார்த்துக்கொள்வதற்காக நான் வேலையை விட்டு இரண்டு வருஷமாகியிருந்தது. மாமாவைப் பூட்டி வைத்திருக்கிறோமே என்று வருகிறவர்கள் வருத்தப்படுவார்கள். அதே பூட்டுக்கு உள்பக்கம்தான் நானும் இருந்தேன். அதை யாரிடம் போய்ச் சொல்வது?

சனிக்கிழமை காலை மூன்று மணி நேரம் மட்டும் எனக்கு. அன்று கணவருக்கு விடுமுறை. ஆரம்பத்தில் எங்கே போவதென்று தெரியாமல் தி. நகரில் கடை கடையாக ஏறி இறங்கினேன். அந்த நெரிசல் வீட்டைவிட மோசமாக இருந்தது. பிறகு ஒருநாள், கொழுந்தனார் வெளிநாடு போகும்போது விட்டுப்போன கேமராவை எடுத்துக்கொண்டு, கிண்டியில் இருக்கும் சின்ன மிருகக்காட்சி சாலைக்குப் போனேன். ஒரு பெண் தனியாக மணிக்கணக்கில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். கையில் கேமரா இருந்தால், ஏதோ வேலையாக வந்தவள் என்று விட்டுவிடுகிறார்கள்.

முதலில் எடுத்த படங்களில் கம்பிதான் பளிச்சென்று விழுந்திருந்தது. நரியும் குரங்கும் அதற்குப் பின்னால் கலங்கலாகத் தெரிந்தன. பாம்புக் கூண்டின் கண்ணாடியிலோ என் முகமே இருந்தது. கறுப்புத் துப்பட்டாவை லென்ஸைச் சுற்றித் திரைபோலப் பிடித்தால் கண்ணாடியில் என் பிம்பம் விழாது என்று நானாகவே கண்டுபிடித்தேன். கம்பிக்குத்தான் வழி தெரியவில்லை. கூண்டுகளைக் கூட்டிச் சுத்தம் செய்யும் அக்கா ஒருநாள் நின்று வேடிக்கை பார்த்துவிட்டுச் சொன்னார்: "இப்ப எடுத்தா கம்பிதான் வுழும். துன்னுட்டு அது பின்னாடி மரத்தாண்ட போய்ப் படுத்துக்கும். அப்போ எடு. வெயில் கம்பி மேல ஏறங்காட்டியும் வந்துடு."

அவர் சொன்னது சரிதான். மிருகம் கம்பியை விட்டுத் தள்ளிப் போகவேண்டும், கம்பி நிழலில் இருக்கவேண்டும், நான் லென்ஸை முழுக்க நீட்டி அதன் கண்ணைக் குறிவைக்கவேண்டும். அப்படிச் செய்தால் கம்பி புகைபோலக் கரைந்து, படத்தில் இல்லாமலே போய்விடும். தரையில் குந்தி அதன் கண் மட்டத்துக்கு வந்தால் இன்னும் நன்றாக வந்தது. ஏழெட்டு மாதத்தில், காட்டில் எடுத்ததா என்று கணவரே கேட்கும் அளவுக்கு வந்துவிட்டேன். எனக்கும் அந்தப் படங்களைப் பார்க்கையில் கொஞ்சம் மூச்சு விட்டதுபோல இருக்கும்.

அந்தச் சனிக்கிழமை நரி தூங்கிக்கொண்டிருந்தது. கண் திறக்கட்டும் என்று குந்தியிருந்தேன். பையில் போன் அதிர்ந்தது. எடுக்கவில்லை. மறுபடி அதிர்ந்தது. நரி தலையைத் தூக்கி நேராக என்னைப் பார்த்தது. எடுத்தேன். அதுவரை நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். அதற்கப்புறம்தான் போனை எடுத்தேன். தண்ணீர் கேன்காரர் வந்துபோன பிறகு பூட்ட மறந்து குளிக்கப் போய்விட்டதாகவும், அப்பாவைக் காணவில்லை என்றும் கணவர் சொன்னார்.

பேருந்தில் நின்றுகொண்டு வரும்போது, ஒரு கணம், கதவு திறந்திருக்கிறது என்று மட்டும் எனக்குத் தோன்றியது. வேறு எதுவும் தோன்றவில்லை. அடுத்த கணமே உடம்பு கூசியது.

காவல் நிலையத்தில் சமீபத்திய படம் ஒன்று கேட்டார்கள். கணவரின் போனில் இருந்தது எங்கள் கல்யாணத்தில் மாமாவை எடுத்த பழைய படம். சாயம் பூசிய தலை, முறுக்கிய மீசை. இப்போதிருக்கும் வெள்ளைத் தாடிக்கும் ஒட்டிய கன்னத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நான் கேமராவைத் திறந்து தேடினேன். நரி, மான், கூழைக்கடா, முள்ளம்பன்றி என்று நூற்றுக்கணக்கில் ஓடின. மாமா ஒரே ஒரு படத்தில் இருந்தார். லென்ஸைச் சோதிக்க வீட்டில் எடுத்தது. கிரில் கம்பியின் துருகூடத் தெளிவாக இருந்தது. பின்னால் அவர் முகம் கலங்கிக் கிடந்தது.

"முகம் தெரியற மாதிரி எதுனா கீதுங்களா மேடம்?" என்று காவலர் மெதுவாகத்தான் கேட்டார். நான் கேமராவை அணைத்துப் பையில் வைத்தேன்.

மதியத்துக்கு மேல் அவரை மார்க்கெட்டில் கண்டுபிடித்தோம். மீன் விற்கும் ஒரு அம்மாவின் பக்கத்தில், கவிழ்த்த பிளாஸ்டிக் பெட்டிமேல் உட்கார்ந்து, அட்டையால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த அம்மாவுக்குப் படமெல்லாம் தேவைப்பட்டிருக்கவில்லை. "எங்க டிரைவரு இவரு. மீன் கூடன்னா எல்லாரும் எறக்கி வுட்டுருவாங்க, இவரு மட்டும் ஏத்திக்குவாரு," என்றார். டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்திருந்தார். வீடு எங்கே என்று கேட்டதற்கு மாமா டிப்போவைத்தான் சொன்னாராம். யாராவது தேடி வருவார்கள் என்று கூடவே உட்கார வைத்துக்கொண்டிருக்கிறார். நான் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். மீன் வாடை அடிக்கும், கைய வுடும்மா என்றார்.

மறுநாள் காலை மாமாவை ஜன்னல் வெளிச்சத்தில் நாற்காலியில் உட்கார வைத்தேன். நான் தரையில் உட்கார்ந்தேன். அவர் முகத்தைத் திருப்பித் திருப்பிக்கொண்டார். கூப்பிடாமல், தொந்தரவு செய்யாமல், அரைமணி நேரம் காத்திருந்தேன். மிருகங்களுக்குக் கொடுத்த அந்தப் பொறுமையை அவருக்கு நான் ஒருநாளும் கொடுத்ததில்லை. கடைசியில் அவராகவே திரும்பினார்.

"இன்னாம்மா, பாத்துக்கினே கீற?"

படம் எடுக்கிறேன் என்றேன்.

"பஸ் பாஸுக்கா?"

"ஆமா மாமா. பாஸுக்குத்தான்."

கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். கையால் தலையை வாரிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்து, இமைக்காமல் லென்ஸைப் பார்த்தார். இமை மயிர்கூடத் தெளிவாக விழுந்தது. அந்தப் படத்தைக் காவல் நிலையத்துக்கும், மீன்கார அம்மாவுக்கும், கேன்காரருக்கும் கொடுத்தோம்.

அடுத்த சனிக்கிழமை நான் எங்கும் போகவில்லை. அதற்கடுத்த வாரம், போய்ட்டு வா என்று கணவர்தான் வற்புறுத்தி அனுப்பினார். கூழைக்கடாக்கள் இருக்கும் குளத்தருகே நின்றேன். நல்ல வெளிச்சம். ஒரு மணி நேரத்துக்குள் நாலு முறை வீட்டுக்குப் போன் செய்தேன். நாலு முறையும், அப்பா தூங்குகிறார் என்று கணவர் ஒரே பதிலைச் சொன்னார். ஐந்தாம் முறை போன் செய்யாமல் பஸ் பிடித்து வீட்டுக்கே வந்துவிட்டேன்.