பங்காளி கழித்துப் போட்ட டேப்புகள்

டயரைத் தொட்டு ஆயுள் சொல்வதில் சங்ககிரியில் என்னை மிஞ்ச ஆள் இருந்ததில்லை. நாலாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு, தேய்ந்த லாரி டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் ரீட்ரேட் கடையில் சேர்ந்தவன் நான். கட்டைவிரலை ஓட்டினால் போதும், இன்னும் எத்தனை நடை தாங்கும் என்று சொல்லிவிடுவேன். அந்தச் சம்பாத்தியத்தில்தான் ஆட்டையாம்பட்டிப் பக்கம் நாலு தறி போட்டேன். இன்று அறுபது ஓடுகிறது.

என் சித்தப்பா மகனும் அதே ஊரில் துண்டு நெய்கிறான். காலேஜ் போனவன். கரை டிசைன்களெல்லாம் கம்ப்யூட்டரில் இருப்பவை, அது கெட்டால் எல்லாம் போச்சு என்று, நகலெடுத்து வைக்க ஒரு டேப் மிஷின் வாங்கினான். டேப் என்றால் உள்ளங்கை அகல டப்பாவுக்குள் சுருட்டிய நாடா. அடுத்த வாரமே நானும் வாங்கினேன். எனக்குத் தேவையா என்று யோசிக்கவில்லை. அவனிடம் இருந்தது, அவ்வளவுதான்.

அவன் ஒவ்வொரு டேப்பின் முதுகிலும் முதலில் போட்ட தேதியை எழுதுவான். எத்தனை தடவை ஓடியது என்று நோட்டில் கோடு கிழிப்பான். கோடு நிறைந்தால், நன்றாக ஓடுகிற டேப்பையும் அழித்துக் கழித்துவிடுவான். ஒருநாள் பழைய இரும்புக் கடையில் அவன் கையெழுத்தோடு ஒரு பை நிறைய டேப் கிடந்தது. ஒரு கீறல் இல்லை. எனக்கு வயிறு எரிந்தது. எடைக்கு வாங்கிவந்து, தேதியைச் சுரண்டிவிட்டு என் மிஷினில் போட்டேன். அவன் எறிந்ததை நான் ஓட்டிக்காட்டுகிறேன் என்று டீக்கடையில் சொல்லவும் செய்தேன்.

என் டிசைன் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் பெண் தன்மையாக எடுத்துச் சொன்னாள். மிஷினைச் சுத்தம் செய்யச் சொல்லும் விளக்கு எப்போதாவதுதான் எரியவேண்டுமாம். சுத்தம் செய்த கையோடு இந்த டேப்புகளைப் போட்டால் திரும்பவும் எரிகிறது, அரைமணியில் முடிந்த நகல் ஒருமணிக்கு மேல் இழுக்கிறது, நாடா தேய்ந்துவிட்டது என்றாள். நான் ஒன்றை வாங்கிக் கட்டைவிரலால் தடவினேன்.

"எங்கம்மிணி தேஞ்சிருக்குது? புதுசாட்டம் இருக்குது பாரு."

"நீங்க தடவுறது டப்பாவைங்கய்யா. நாடா உள்ள இருக்குதுங்க."

அதற்கப்புறமும் மாற்றவில்லை. மாற்றினால் அவன் செய்தது சரி என்றாகிவிடும்.

பொங்கலுக்கு ஒரு மாதம் இருக்கையில் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. டேப்புகளிலிருந்து பாதி டிசைன்தான் வந்தது. தேர்ச்சக்கரக் கரை வரவில்லை. கட்டம் போட்ட தாளில் பென்சிலால் நானே வரைந்த முதல் கரை அது. வியாபாரிகள் பொங்கலுக்குக் கேட்டிருந்ததும் அதைத்தான். அந்தத் தாள் எப்போதோ தொலைந்துவிட்டது, மாதிரிக்கு ஒரு துண்டுகூட என்னிடம் இல்லை. ஊரில் ஒரே இடத்தில்தான் இருக்கும். பங்காளியின் கிரகப்பிரவேசத்துக்கு, பார்த்துப் பொசுங்கட்டும் என்றே நான் கொடுத்த ஜோடித் துண்டு.

இரண்டு நாள் கால் நகரவில்லை. மூன்றாம் நாள் போனேன். அவன் வீட்டில் அதைக் கரித்துணியாக்கியிருந்தால் தேவலை என்றுகூட வழியில் நினைத்தேன். அப்படியானால் அவனைத் திட்டிவிட்டாவது வரலாம். விஷயத்தைச் சொன்னேன். டேப்பு எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை. ஆனால் அவனுக்குத் தெரிந்திருந்தது.

"நான் கழிச்சதுதானுங்கண்ணா அது? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்க."

சிரித்திருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். அவன் சிரிக்கவில்லை. பீரோவிலிருந்து துண்டை எடுத்துவந்தான். மடிப்புக் கலையாமல் கவரில் இருந்தது.

"ஒருக்காக்கூட நனைக்கலீங்க. இந்த மாதிரி ஒரு கரை போட்டுப் பாக்கோணும்னு எத்தனையோ தடவ எடுத்து வெச்சுப் பாத்தேன். எனக்கு வரலீங்கண்ணா."

அதைக் கேட்டதும் எனக்கு மனசு குளிர்ந்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் கவரைத் திருப்பினால், டேப்புக்குப் போடுவதுபோலவே, நான் கொடுத்த நாளின் தேதி அவன் கையெழுத்தில் ஒட்டியிருந்தது. குளிர்ந்தது அங்கேயே காய்ந்துபோனது.

என் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் பெண் அந்தத் துண்டோடு நாலு நாள் உட்கார்ந்து இழை இழையாக எண்ணிக் கரையைத் திரும்ப ஏற்றினாள். சரக்கு பொங்கலுக்குப் போய்ச் சேர்ந்தது. இப்போது என்னிடம் இருப்பதெல்லாம் புது டேப்புகள். முதுகில் தேதி போடுகிறேன். சிவப்பு மையில், அவனுடையதைவிடப் பெரிய எழுத்தில்.