தலைப்பாகைக்கு அடியில் ஒரு தீர்ப்பு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் மதுரையில் புது வக்கீல். கோர்ட்டு வளாகத்தில் எங்களுக்கென்று ஒரு சட்ட நூலகம் இருந்தது. காலமான ஒரு வக்கீலின் புத்தகங்களை அவர் வீட்டார் கொடுக்க, அவற்றை வைத்துத் தொடங்கியது. மனிதர் மூக்குப்பொடிப் பிரியர் போலிருக்கிறது. எந்தப் பழைய புத்தகத்தைத் திறந்தாலும் தும்மல் வரும். மத்தியானம் பாதிப் பேர் தூங்குவார்கள், மீதிப் பேர் தும்முவார்கள்.

அங்கே எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ஒரு சீனியர் புத்தகங்களை மேஜையில் அடுக்கி, மேலே தம் தலைப்பாகையைக் கழற்றி வைத்துவிட்டால் அந்த அடுக்கு அவருடையது. தலைப்பாகை இருக்கும்வரை வேறு யாரும் தொடக்கூடாது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் ஜூனியர் வாயைத் திறந்தால் பிழைப்பு போய்விடும்.

டி. கல்லுப்பட்டிப் பக்கத்தில் பயிர்செய்யும் சம்சாரி ஒருவருக்காக ஆஜரானேன். பொதுக் கிணற்றில் அவர் மாடு பூட்டிக் கமலை கட்டித் தண்ணீர் இறைக்கவிடாமல், பங்காளி கிணற்று மேட்டில் துண்டை விரித்து உட்கார்ந்துவிட்டார். நெல்லோ கதிர் விட்டு நிற்கிறது. அன்றைக்கே தடையுத்தரவு வாங்காவிட்டால் பயிர் கருகிவிடும். எங்களுக்குச் சாதகமான ஐகோர்ட் தீர்ப்பு ஒரே ஒரு புத்தகத்தில் இருந்தது. அந்தப் புத்தகம் எதிர்க்கட்சி சீனியரின் தலைப்பாகைக்கு அடியில் இருந்தது. அவருக்கு அது தேவையே இல்லை. எனக்குக் கிடைக்கக்கூடாது, அவ்வளவுதான். வைத்துவிட்டு எதிர் ஓட்டலுக்கு டிபன் சாப்பிடப் போய்விட்டார்.

நூலக வாசலில் நின்று கட்சிக்காரரிடம் புலம்பினேன்.

"அந்தத் தலப்பா அங்க இருக்கிற வரைக்கும் புத்தகத்துல கை வைக்க முடியாதுண்ணே."

"இம்புட்டுத்தானா?" என்றார்.

தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு உள்ளே போனவர், தலைப்பாகையை இரண்டு கையாலும் சாமி கிரீடம் போல ஏந்திக்கொண்டு வெளியே நடந்தார். தூங்கியவர்கள்கூட எழுந்து வழிவிட்டார்கள். மேஜையில் இப்போது தலைப்பாகை இல்லை. சட்டம் தெளிவாக இருந்தது. புத்தகத்தை எடுத்தேன், தும்மினேன், கோர்ட்டுக்கு ஓடினேன்.

ஓட்டலில் நடந்ததைக் கட்சிக்காரரே பிறகு சொன்னார்.

"ஐயா, இத மறந்து வச்சிட்டு வந்துட்டீகளே, வெறுந்தலையா கோர்ட்டுல நின்னா நல்லாவா இருக்கும்னேன். மனுசன் மனசு குளுந்து காப்பி வாங்கிக் குடுத்தாரு."

வழக்கைக் கூப்பிட்டதும், தாம் காப்பி வாங்கிக் கொடுத்த அதே ஆள் என் பின்னால் கைகட்டி நிற்பதைச் சீனியர் பார்த்தார். பிறகு என் கையில் இருந்த புத்தகத்தைப் பார்த்தார். கை தானாகவே தலைப்பாகைக்குப் போனது. அந்த முகத்தை இன்று நினைத்தாலும் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

தடையுத்தரவு கிடைத்தது. என் முதல் வெற்றி. கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகலாமே என்று கட்சிக்காரரிடம் சொன்னேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"வாரேன்யா. பங்காளி துண்டு இன்னும் கெணத்து மேட்டுலதான் கெடக்கும். மொதல்ல அத அவரு கையில பதனமாக் குடுக்கணும்."