ஒவ்வொரு நாளும் வீடு மாறிய பிரின்டர்

பிரின்ட் எடுத்துக் கொடுக்கிற கடையில் இருப்பவருக்கு மெசினைத் தெரிந்தால் போதும் என்று வெளியில் நிற்கிறவர்கள் நினைப்பார்கள். தாள் வராத நேரம் எதிரில் நிற்கிற ஆளின் முகத்தைச் சமாளிக்கவும் தெரிய வேண்டும்.

இதை நான் பிழையாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எந்தப் பெட்டி எந்தப் பெட்டியோடு கதைக்கிறது என்பது இன்றைக்கும் எனக்குக் குழப்பம்தான். விசயம் தெரிந்தவர்கள் சிரிக்கட்டும். பச்சை லைட் எரிந்துகொண்டே தாள் தராத மெசினுக்கு முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

பெரியகல்லாற்றில் மெயின் றோட்டோரம் இருப்பது என் தம்பியின் கடை. அவன் கட்டாருக்கு வேலைக்குப் போன பிறகு நான்தான் பார்க்கிறேன். கடைசியாக லீவில் வந்தபோது பழைய பிரின்டரைத் தூக்கிவிட்டு, வயர் இல்லாத புதிய ஒன்றை வைத்துவிட்டுப் போனான். கொம்பியூட்டர் ஒரு மூலையில், பிரின்டர் ஒரு மூலையில், வைஃபை பெட்டி சுவரில். நடுவில் ஒன்றுமே இல்லை. எல்லாம் காற்றில் போகுமாம். அவன் ஊரில் நின்ற வரைக்கும் போனது.

இருக்கு, ஆனால் இல்லை

அது மாரி தொடங்கின மாதம். பின்னேரமானால் வாவிப் பக்கத்தில் இடி முழங்கும். மின்னல் என்றால் எங்கள் வீட்டில் முகம் பார்க்கிற கண்ணாடியைச் சீலையால் மூடி, எல்லாப் பிளக்கையும் கழற்றிவிடுவோம். கடையிலும் நான் அப்படித்தான் செய்தேன். பின்னேரம் கடையைப் பூட்ட முதல் பிரின்டர், கொம்பியூட்டர், வைஃபை பெட்டி எல்லாவற்றையும் கழற்றி, வயரைச் சுருட்டி வைத்துவிட்டுத்தான் போவேன். தம்பியின் பொருள், கருகிப் போனால் யார் பதில் சொல்வது?

அப்படி ஒரு காலையில் காத்தான்குடியில் இருந்து துணி கொண்டுவந்து விற்கிற முஸ்லிம் அண்ணன், நாங்கள் காக்கா என்று கூப்பிடுகிறவர், விலைப் பட்டியல் ஒன்றை அடிக்க வந்தார். அழுத்தினேன். வரவில்லை. பிரின்டரில் பச்சை லைட் எரிகிறது. கொம்பியூட்டரோ அப்படி ஒரு பிரின்டரே இல்லை என்கிறது. மெசினைத் தட்டினேன், தாளை எடுத்து விசிறித் திரும்ப வைத்தேன், கும்பிடாத குறை. காக்கா இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தங்கச்சி, மெசின் நான் இரிக்கன் எண்டுது, கொம்பியூட்டர் அது இல்ல எண்டுது. ரெண்டுல ஒண்டு பொய் சொல்லுது. எது எண்டு புடிச்சி வைங்க, நான் தேத்தண்ணி குடிச்சிட்டு வாறன்.”

போனில் வந்த உதவி

பிரின்டர் வாங்கின கடை மட்டக்களப்பு டவுனில். பெட்டியில் ஒட்டியிருந்த நம்பருக்குக் கோல் எடுத்தேன். பொறுமையான மனுசன் ஒருவர் கதைத்தார். இரண்டும் ஒரே நெற்வேர்க்கில் இருக்கிறதா என்று கேட்டார். ஒரே கடையில்தான் இருக்கிறது என்றேன். அந்தக் கேள்வியை அதோடு விட்டுவிட்டார். பிறகு பிரின்டரில் ஒரு பொத்தானை அழுத்திப் பிடிக்கச் சொன்னார். ஒரு தாள் வந்தது. அதில் உள்ள நீளமான நம்பரை வாசிக்கச் சொன்னார். கடைசியில் ஏழு. கொம்பியூட்டரில் பதிந்திருந்ததோ நாலு. எங்கெங்கேயோ அழுத்த வைத்து நாலை ஏழாக்கினார். தாள் வந்தது. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

அடுத்த நாள் காலை திரும்பவும் இல்லை. அதே தாளை எடுத்துப் பார்த்தால் கடைசியில் ஒன்பது. அதற்கடுத்த நாள் ஐந்து. காய்ச்சல்காரருக்குச் சூடு குறிக்கிற மாதிரி நானும் ஒரு கொப்பியில் நாளுக்கு நாள் குறித்து வைத்து, கோல் எடுத்து வாசித்துக் காட்டினேன். கடைசியில் அவர் கேட்டார்: “அக்கா, முந்தநாள் ஏழு, நேத்து ஒன்பது, இண்டைக்கு அஞ்சு. உங்கட பிரின்டர் ஒவ்வொரு நாளும் வீடு மாறுதா?”

கட்டாரில் இருந்து

தம்பி வேலை இடைவேளையில் வீடியோ கோல் எடுத்தான். “மெசினைக் காட்டுங்க” என்றான், காட்டினேன். “பின்பக்கம்” என்றான், காட்டினேன். “வைஃபை பெட்டி” என்றான், ஓடினேன். “கொம்பியூட்டர்” என்றான், திரும்பி ஓடினேன். அரை மணித்தியாலம் கழிந்தும் ஒன்றும் விளங்கவில்லை. நான் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்க அவன் சொன்னான்: “அக்கா, என்னைத் தூக்கிக்கொண்டு கிறுகாதீங்க, எனக்குத் தலை சுத்துது.”

ரீச்சரின் வினாத்தாள்

இதுவரைக்கும் சொன்னதுக்குச் சிரிக்கலாம். இனிச் சொல்வதை நினைத்துச் சிரிக்க நான் இன்னும் பழகவில்லை.

பக்கத்துப் பள்ளிக்கூடத்து ரீச்சர் ஒரு வியாழக்கிழமை பின்னேரம் வந்தார். ஐந்தாம் வகுப்புக் கணிதம், திங்கட்கிழமை தவணைச் சோதனை. நாலு பக்கத்தில் ஒரு பிரதி அடித்துத் தந்தால் போதும். அதற்கு முந்தின தவணையில் வேறொரு வகுப்பின் வினாத்தாள் சோதனைக்கு முதலே வெளியே போய், பள்ளிக்கூட அதிபர் எல்லா ரீச்சர்மாரையும் கூப்பிட்டு, இனி யார் தாள் வெளியே போனாலும் அந்த ரீச்சர்தான் பொறுப்பு என்று எழுத்தில் கையெழுத்து வாங்கியிருந்தாராம். தாளைப் பதிந்திருந்த பென்டிறைவைத் தரும்போதே கடையில் வேறு யாரும் நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

அழுத்தினேன், வரவில்லை. திரும்ப அழுத்தினேன். காது கேளாத ஆளைக் கூப்பிடுகிற மாதிரி பதினொரு தரம் அழுத்தியிருப்பேன். வாவிப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. இடி இடித்ததும் எல்லாப் பிளக்கையும் கழற்றிவிட்டு, நாளைக்கு வரச் சொன்னேன். ரீச்சர் பென்டிறைவைக் கழுத்துச் சங்கிலியில் கோர்த்துக்கொண்டு சொன்னார்: “இது என்னட்ட இரிக்கும் வரைக்கும் பயமில்ல.”

காற்றில் நின்றது

வெள்ளிக்கிழமை காலை கடையைத் திறந்து பிளக்குகளைப் போட்டேன். அடையாள அட்டையைப் போட்டோக்கொப்பி எடுக்க ஒரு தாய் வந்தாள். அவளுடைய மகன் அதே பள்ளிக்கூடம், அதே ஐந்தாம் வகுப்பு. அட்டையின் கொப்பியை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். அப்போது பிரின்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு தானாகத் தொடங்கியது. ஒரு தாள், இரண்டு தாள், நிற்கவே இல்லை. நேற்று அழுத்தின பதினொன்றும் அழியாமல் எங்கேயோ காத்துக்கொண்டு நின்றிருக்கிறது! தட்டு நிரம்பித் தாள்கள் நிலத்தில் பறந்தன. நான் பாய்ந்து பாய்ந்து பொறுக்கினேன். அவளும் குனிந்து பொறுக்கினாள், உதவிக்கு என்றுதான் நினைத்தேன். ஒன்றைத் தூக்கி வாசித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்: “அக்கா, இது என்ட மகன்ட வகுப்புத்தானே? ஒண்டத் தாங்களன், நான் ஆருக்கும் சொல்ல மாட்டன்.”

பறித்துக்கொண்டு அவளை அனுப்பினேன். பிறகு எண்ணினேன். நாலு பக்கம், பதினொரு தரம், நாற்பத்துநாலு வர வேண்டும். நாற்பத்துமூன்றுதான் இருந்தது. மெசினுக்கு அடியில், மேசைக்குப் பின்னால், என் சீலை மடிப்பில் எல்லாம் பார்த்தேன். மூன்றாம் பக்கம் ஒன்று இல்லை. அவள் கொண்டுபோனாளா, காற்றில் றோட்டுக்குப் போனதா, நான்தான் பிழையாக எண்ணினேனா? திரும்ப எண்ண எண்ணக் குழப்பம்தான் கூடியது. பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரிய வராது என்றும் மனம் சொன்னது. ஆனால் கையெழுத்துப் போட்டிருப்பது நான் இல்லையே. கடையைப் பூட்டிவிட்டுச் சைக்கிளில் பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

ரீச்சர் கேட்டுவிட்டு வாங்குப் பலகையில் உட்கார்ந்துவிட்டார். திட்டுவார் என்று நின்றேன். கழுத்தில் கிடந்த பென்டிறைவைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: “மூணு நாள் இரிக்கி, வேற தாள் செய்வன். நீங்க சொல்லாம விட்டிருந்தாத்தான் எனக்குப் போக ஒரு வழியும் இரிந்திருக்காது.”

நம்பர் துண்டு

சனிக்கிழமை போனில் கதைத்த டவுன் கடைக்காரரே நேரில் வந்தார். மெசின் ஒன்றையும் தொடவில்லை. பின்னேரத்தில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். மின்னலுக்குப் பிளக் கழற்றுவேன் என்றேன். காலையில் எதை முதல் போடுவீர்கள் என்றார். கைக்கு எது எட்டுகிறதோ அதை என்றேன். மனுசன் கதிரையில் இருந்து சிரித்தார்.

ஆசுபத்திரி கிளினிக்கில் காலையில் நம்பர் துண்டு கொடுப்பார்களே, அப்படித்தானாம். வைஃபை பெட்டி வருகிற ஒழுங்கில் ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் கொடுக்கும். நான் தினம் எல்லாவற்றையும் கழற்றியதால் நேற்றைய துண்டு செல்லாது. கொம்பியூட்டர் பழைய நம்பரையே கூப்பிட்டுக்கொண்டு நின்றிருக்கிறது. வெள்ளிக்கிழமை தற்செயலாகக் கொம்பியூட்டர் கூப்பிட்ட அதே நம்பர் பிரின்டருக்குக் கிடைத்ததால்தான் அந்தக் கூத்து. நம்பரை மாறாமல் நிறுத்தித் தரலாம் என்றார். காற்றை நம்ப எனக்கு மனம் வரவில்லை. வயர் போடலாமா என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: “அக்கா, வயர் இல்லாம ஓடத்தானே உங்கட தம்பி இவ்வளவு பாடுபட்டு இந்த மெசினை எடுத்தவர்?”

சோதனை முடிந்த பிறகு

வயர் போட்டோம். ஞாயிற்றுக்கிழமை ரீச்சர் புதுத் தாளோடு வந்து, கடைசிப் பக்கம் வெளியே வரும்வரை மெசினுக்குப் பக்கத்திலேயே கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். திங்கட்கிழமை சோதனை நடந்து முடிந்தது. காணாமல் போன மூன்றாம் பக்கத்தை நினைத்து மட்டும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

புதன்கிழமை அந்தத் தாய் கடைப்படியில் வந்து நின்றாள். சரியான கோபம். எட்டாக மடித்த தாள் ஒன்றை மேசையில் போட்டுவிட்டுச் சொன்னாள்: “உங்கட மெசினை நம்பி மூணு நாளா இந்த ஒரு பக்கத்தத்தான் புள்ளைக்கு செய்ய வெச்ச நான், இதில ஒரு கணக்கும் வரல்லியே அக்கா!”

வயர் இல்லாத பிரின்டரை ஒன்றரை மீற்றர் வயரால் கொம்பியூட்டரோடு கட்டி, அதன் வைஃபையையும் நிறுத்தி, ஒரு தரத்துக்கு மேல் அழுத்தாமல் இப்போது கடை நடத்துகிறேன். மின்னலுக்கு மட்டும் இரண்டையும் சேர்த்தே கழற்றுகிறேன்.