ஐந்து பிரெசன்ட்

அந்தச் சோதனைச்சாவடிப் பெடியன்மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் ஆறவில்லை. ஆனால் அன்றைக்கு அவனைவிடப் பெரியப்பாமேல்தான் கூடக் கோபம் வந்தது. பத்து வயதில், யாரோடு கோபிப்பது சுலபமோ அவரோடு கோபித்துக்கொண்டேன்.

பெரியப்பா ஆமியில் பாலம் போடுகிற ரெஜிமென்டில் சார்ஜன்டாக இருந்து, சண்டை தொடங்க வெகு முன்னரே பென்சன் எடுத்தவர். களனிப் பக்கம் வெள்ளம் வந்தபோது அவருடைய ஆட்கள் கழுத்தளவு தண்ணீரில் நின்று ஒரே பகலில் பாலம் போட்ட கதையை, வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்குப் பேப்பர் போடுகிறவர்கூட மனப்பாடமாகச் சொல்வார். வருஷத்துக்கு ஒரு ஞாயிறு பழைய ஆட்களுக்கு ரெஜிமென்டில் பகல் சாப்பாடு. முதல் நாளே பெரியப்பா ரெஜிமென்டின் பித்தளைச் சின்னத்தைப் பளபளவென்று தேய்த்துக் கோட்டில் குத்திவிடுவார். பிள்ளையில்லாத மனுசன். அந்த வருஷம் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

பேலியகொடைக்குக் கிட்ட சோதனைச்சாவடியில் ஆமிக்காரர் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையில் பெயரைப் பார்த்ததும் அந்தப் பெடியனின் முகம் மாறிவிட்டது. மீசைகூட ஒழுங்காக முளைக்காதவன். கோட்டிலிருந்த சின்னத்தை விரலால் தட்டி, "மேக்க கொஹென்த?" என்றான். எங்கே கிடைத்தது என்று கேட்கிறான், களவெடுத்த சாமானைக் கேட்பதுபோல!

"மகே ரெஜிமேந்துவ" என்றார் பெரியப்பா. என்னுடைய ரெஜிமென்ட் என்று.

தமிழனுக்கு ஏது ரெஜிமென்ட் என்று பக்கத்தில் நின்றவனிடம் சிங்களத்தில் சொல்லிச் சிரித்துவிட்டு, சின்னத்தைக் கழற்றி மேசை லாச்சிக்குள் போட்டான். தேய்த்துத் தேய்த்து எழுத்தே மழுங்கிப்போன சின்னம். கோட்டில் இரண்டு ஓட்டைதான் மிஞ்சியது.

"வாங்கோ பெரியப்பா, வீட்டை போவம்" என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

"நான் போகாட்டிச் சரிவராது பிள்ளை" என்றார்.

ஏன் சரிவராது? புரியாணிக்காகத்தான் என்று முடிவுகட்டினேன். இப்படியும் மானம் கெட்ட மனுசனா என்று மனதுக்குள் திட்டியபடி அடுத்த பஸ்ஸில் ஏறினேன்.

மண்டபத்துக்கு வெளியே மற்றப் பிள்ளைகள் பந்தடித்தார்கள். என்னைப் போகவிடாமல் பெரியப்பா தனக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்துக்கொண்டார். சின்னம் எங்கே என்று கேட்டவரிடம் வீட்டில் மறந்துவிட்டேன் என்றார். அப்பட்டமான பொய்! பிறகு ஒரு கிழவர் பழைய கொப்பியைத் திறந்து பெயர் கூப்பிட்டார். தன் பெயர் வந்ததும் பெரியப்பா "பிரெசன்ட், சேர்!" என்று கூரை அதிரக் கத்தினார். செல்லத்துரை என்றபோதும் அவரே "பிரெசன்ட், சேர்!" கந்தையாவுக்கும் அவர், தம்பிராசாவுக்கும் அவர், நாலாவதாக வந்த சின்னத்தம்பிக்கும் அவரே. பள்ளிக்கூடத்தில் சிநேகிதிக்கு ஒரேயொரு தரம் பிரெசன்ட் சொன்னதற்கு எனக்கு அடிமட்டத்தால் அடி விழுந்திருக்கிறது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேவிட்டேன்.

"வராத ஆக்களுக்குப் பிரெசன்ட் எண்டு நீங்கள் பொய்தானே சொன்னனீங்கள்?"

"பொய்யில்லைப் பிள்ளை. ஆத்துக்குள்ள நிண்டு பாலம் போடேக்க ஒவ்வொருத்தனும் பக்கத்தில நிக்கிறவனுக்குப் பொறுப்பு. அது எங்கட ரெஜிமென்ட் வழக்கம். இப்பவும் வராத ஆளுக்குப் பக்கத்து ஆள் சொல்லலாம், வீட்டு ஆக்களும் சொல்லலாம். ஒருத்தரும் சொல்லாட்டி, அடுத்த வருசம் பேரை வெட்டிப்போடுவினம்."

"வெட்டட்டும்! உங்கட பேரையும் வெட்டட்டும்!"

அவர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அந்த நால்வரில் ஒருவர் கனடாவில். இருவரைக் கலவரத்தில் வீட்டோடு எரித்தார்கள். மற்றவரைப் பிடித்துக்கொண்டு போனவர்கள் திருப்பித் தரவேயில்லை. இதெல்லாம் நான் வளர்ந்த பிறகு அம்மா சொல்லித் தெரிந்தது.

அடுத்த வருஷச் சாப்பாட்டுக்கு ஒரு மாதம் இருக்கும்போது பெரியப்பா மாரடைப்பில் போய்விட்டார். அழைப்புக் கடிதம் மட்டும் வழமைபோல வந்தது, குடும்பத்தாரும் வரலாம் என்று. சின்னத்தைப் பறித்தவர்களின் சோறு எங்களுக்கு வேண்டாம் என்று அதை நாலாகக் கிழித்து, யாருக்கும் தெரியாமல் குப்பையில் போட்டேன். பெரிய வீரச்செயல் செய்ததாக நினைப்பு.

அந்த ஞாயிறும் ஐந்து பெயர்களையும் வாசித்திருப்பார்கள். மற்றப் பிள்ளைகள் பந்தடித்துக்கொண்டிருக்க, என்னை மட்டும் பெரியப்பா ஏன் தனக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்தார் என்பது அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை.