உப்பின் பின்னால் போகும் தண்ணீர்

வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவது என் வேலை. வரப்பில் ஒரு கொத்து மண்ணை எடுத்தால் தண்ணீர் எந்தப் பக்கம் திரும்பும் என்று எனக்குத் தெரியும். உடம்புக்குள் தேங்கிய தண்ணீரையும் வடிய வைக்க முடியும் என்பதைத் தேனியில் ஓர் ஆஸ்பத்திரியில்தான் பார்த்தேன்.

என் மனைவி படுக்க முடியாமல் மூச்சு இரைத்துக்கொண்டிருந்தாள். கால் வீங்கி, மெட்டி விரலுக்குள் புதைந்து கிடந்தது. இருதயம் பலமாக இறைக்காததால் நுரையீரலிலும் காலிலும் நீர் கோத்திருக்கிறது என்றார் டாக்டரம்மா. நரம்பில் ஓர் ஊசி போட்டார்கள். கட்டிலோரம் தொங்கிய மூத்திரப் பை நிறைந்தது. கொட்டினார்கள். மறுபடியும் நிறைந்தது. மத்தியானம் அவள் சாய்ந்து படுத்து, வாயை மூடித் தூங்கினாள். சோறு தின்னக்கூடத் தோன்றாமல் அந்தப் பையையே பார்த்துக்கொண்டு நின்றேன். இவ்வளவும் அவளுக்குள்ளா இருந்தது?

"மருந்து தண்ணிய இழுக்கலங்க ஐயா. வடிகட்டின உப்பைக் கிட்னி திரும்ப உடம்புக்குள்ள எடுத்துக்கும். இந்த மருந்து அதைத் தடுக்குது. உப்பு வெளியே போனா தண்ணியும் அது பின்னாலயே போயிரும்" என்றார் டாக்டரம்மா.

உப்புப் போட்டு வைத்த மாங்காய்த் துண்டுகளைச் சுற்றி மறுநாள் தண்ணீர் நிற்கும். ஊறுகாய் ஜாடியில் எத்தனையோ வருசமாகப் பார்த்ததுதான். அன்றைக்குத்தான் அதை நினைத்து எனக்கு மேல் சிலிர்த்தது.

தினமும் காலையில் ஒரு நீர் மாத்திரை என்று கொடுத்தனுப்பினார்கள். படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். உடம்புக்கு வேண்டிய சத்து உப்பும் சேர்ந்து போய்விடுவதால் கெண்டைக்கால் பிடிக்கும், அதனால் அவ்வப்போது ரத்தம் சோதிக்க வேண்டும். கருவாடும் ஊறுகாயும் கூடாது.

உடம்பு தேறியதும் ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலைக்குப் போனாள். உட்கார்ந்து செய்கிற வேலைதான். ஆனால் விடியற்காலையில் கம்பத்தில் ஜீப் ஏறி, மலைக்கு மேலே கேரளாவுக்குள் போகவேண்டும். கொஞ்ச நாளில் மெட்டி மறுபடியும் புதைந்தது. மூச்சு இரைக்காமலிருக்க இரண்டு தலையணை வைத்துப் படுத்தாள்.

"மாத்திரை போடுறியா இல்லியா?"

"வேலைக்குப் போற நாள்ல போடுறதில்ல. போட்டா ஜீப்பு மலையேறயில முட்டிக்கிட்டு வருது. அந்த டிரைவர்கிட்ட நிப்பாட்டச் சொல்ல முடியுமா? நிப்பாட்டினாலும் எங்கன போய் ஒதுங்க?"

"டாக்டரம்மாகிட்டச் சொல்லுவம்."

"எனக்கு வெக்கமா இருக்கு. நீங்க சொல்லுங்க."

எனக்கு மட்டும் வெட்கம் இல்லையா? கடையில் மீதிச் சில்லறை கேட்கவே நான் தயங்குகிறவன்.

மறுபடியும் தேனிக்குப் போனோம். டாக்டரம்மா அவள் காலை அழுத்திப் பார்த்தார். விரல் பட்ட இடம் குழியாகவே நின்றது. "மாத்திரை பத்தலை போல. கூட்டித் தர்றேன்" என்று பேனாவை எடுத்தார். மனைவி என் முழங்கையை இடித்தாள். "வயக்காட்டுல தண்ணிகிட்டக்கூடப் பேசுறீக. இங்கன வாயில கொழுக்கட்டையா?" என்றாள் காதோரம்.

நான் தரையைப் பார்த்தேன். "வேலைக்குப் போற நாள்ல அவ மாத்திரை போடுறதே இல்லைங்கம்மா. ஜீப்பு... மலைப் பாதையில நிக்காது. அதான்..."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "நல்லவேளை சொன்னீங்க. தெரியாம நான் கூட்டிக் கொடுத்து, அதை முழுசாப் போட்டிருந்தா பிரஷர் இறங்கி மயங்கி விழுந்திருப்பாங்க. அதே மாத்திரை போதும். வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்ததும் போடட்டும். படுக்கிறதுக்குள்ள போக வேண்டியது போயிரும். ஒரு நாளும் விடக்கூடாது."

வெளியே வந்ததும் மனைவி சிரித்தாள். "அடேயப்பா, ஒரு வழியா மடையத் தெறந்துட்டீக!"

அதற்குப் பிறகு சாயங்காலம் ஜீப் வரும்போது மாத்திரையும் ஒரு மடக்குத் தண்ணீருமாக வாசலில் நின்றேன். நகத்தளவு வெள்ளை மாத்திரை. அதைக் கையில் வைத்திருக்கும்போதெல்லாம் ஊசி போட்ட அன்று நிறைந்த பை கண்ணுக்குள் வரும்.

ஒரு நாள் அவள் ஒற்றைத் தலையணையில் தூங்கி எழுந்து காலை நீட்டினாள். "இங்கன பாருங்க" என்று மெட்டியை விரலால் தள்ளினாள். அது சுழன்றது. நான் குனிந்து, நானும் ஒரு தடவை சுழற்றிப் பார்த்தேன்.